வாய்க்கால் கரைப் பூக்களைப் பிரித்தறிய: கணுவிலிருந்து தொடங்குங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓடையோரமும் வாய்க்கால் கரையும் நடக்கும்போது ஒன்றுபோலவே இருக்கும் சின்னச் சின்னப் பூக்களைப் பார்க்கிறீர்கள். வெள்ளையில் நாலைந்து, நீலத்தில் இரண்டு, மஞ்சளில் சில. படம் எடுத்துச் செயலியில் போட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பெயர் வருகிறது. கரிசலாங்கண்ணி, பொன்னாங்கண்ணி என்று எல்லோரும் சாதாரணமாகச் சொல்லும் செடிகளைக்கூட உங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எதை வைத்துப் பிரிப்பது?

முதலில் ஒன்று. இந்தக் குழப்பத்துக்குக் காரணம் உங்கள் கண் இல்லை, தண்ணீர். ஈரக்கரையில் வாழ்கிற செடிக்கு வெள்ளம்தான் பெரிய சோதனை. தண்ணீர் வந்து பிய்த்துக்கொண்டு போனாலும் பிழைக்க வேண்டும். அதனால் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பல குடும்பத்துச் செடிகள் இங்கே ஒரே வழியைப் பிடித்திருக்கின்றன: தரையோடு படரும் தண்டு, ஒவ்வொரு கணுவிலும் வேர், கணுவுக்கு இரண்டு இலை. ஒரு துண்டு அறுந்து போனாலும் ஒரு கணு மிஞ்சினால் போதும், அது புதுச் செடி. உடம்பு ஒன்றுபோல இருப்பது பிழைப்பின் அடையாளம். உறவின் அடையாளம் பூவிலும் காயிலும் இருக்கிறது.

அதோடு தண்ணீர் அளவையும் மாற்றிவிடும். கரை மேட்டில் நாலு விரல் உயரத்தில் நிற்கும் செடி, இரண்டடி தள்ளிச் சேற்றில் முழங்கை நீளத்துக்கு ஓடியிருக்கும். இலை பெரிதாகும், தண்டு ஊதும், சிவப்பு வெளிறிப் பச்சையாகும். லிம்னோஃபிலா என்ற நீர்ச்செடி இனத்தில் சில வகைகள் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரே தண்டில் தண்ணீருக்குள் நூல்நூலாகப் பிரிந்த இலையும் தண்ணீருக்கு வெளியே முழு இலையும் விடும். ஆகவே உயரம், இலையின் அளவு, தண்டின் நிறம் மூன்றையும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

எதை நம்பலாம்? பூ செடியில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை நம்பலாம். இலை தண்டோடு சேரும் இடுக்கில் இருந்து வருகிறதா, கிளை நுனியில் இருந்தா? காம்பு உண்டா, இல்லையா? கணுவில் இலைகள் எதிரெதிராகவா, மாறி மாறியா? பூ உதிர்ந்த பிறகு அங்கே என்ன மிஞ்சுகிறது? இந்த நாலும் வெயிலிலும் வெள்ளத்திலும் அவ்வளவு எளிதில் மாறாது. செயலி தடுமாறுவதும் இதனால்தான். நாம் கொடுப்பது மேலிருந்து எடுத்த இதழின் படம். கணு அதில் இல்லவே இல்லை.

சரி, உங்கள் வெள்ளைப் பூக்களுக்கு வருவோம். அதில் இரண்டு குழு கலந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஒன்று சூரியகாந்திக் குடும்பம். மற்றது வெள்ளைப் பொத்தான்கள் என்று நான் சொல்லிக்கொள்ளும் ஒரு கலவைக் கூட்டம்.

சூரியகாந்திக் குடும்பத்தில் நாம் ‘பூ’ என்று சொல்வது ஒரு பூ இல்லை, ஒரு கூட்டம். நடுவில் பொட்டுப்பொட்டாக இருப்பவை தனித்தனிப் பூக்கள். சுற்றி இதழ் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொன்றும் ஒரு பூ. இது மனதில் பதிந்துவிட்டால் கரிசலாங்கண்ணிக்கும் வெட்டுக்காயப் பூண்டுக்கும் உள்ள குழப்பம் அங்கேயே தீரும். வெட்டுக்காயப் பூண்டில் ஓரத்து ‘இதழ்கள்’ மூன்றிலிருந்து ஆறு வரைதான் இருக்கும், பெரும்பாலும் ஐந்து. ஒவ்வொன்றும் அகலமாக, நுனியில் கடித்தது போன்ற பற்களோடு, வெளிறிய வெள்ளையாக இருக்கும். நடுவட்டம் நல்ல மஞ்சள். கரிசலாங்கண்ணியில் ஓரத்தில் இருப்பவை எண்ணி மாளாது. நூல் துணுக்குகளைப் போலக் குட்டையாக, நெருக்கமாக நிற்கும். நடுவட்டமும் வெள்ளைதான், மஞ்சள் இல்லை. பூக்கூட்டம் முழுவதும் சேர்ந்தே ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

காம்பைப் பாருங்கள். வெட்டுக்காயப் பூண்டு ஒற்றைப் பூவை ஒரு சாண் நீளக் காம்பில் தனியாகத் தூக்கிப் பிடிக்கும். கரிசலாங்கண்ணி இலையிடுக்கிலும் நுனியிலும் குட்டைக் காம்பில், ஒன்றும் இரண்டுமாக வைத்துக்கொள்ளும். இலையில் வெட்டுக்காயப் பூண்டுக்கு ஓரமெல்லாம் கரடுமுரடான பற்கள். கரிசலாங்கண்ணி இலை நீண்டு ஒடுங்கி, காம்பே இல்லாமல் தண்டைத் தொட்டு நிற்கும். விரலால் நுனியிலிருந்து அடிப்பக்கம் தடவினால் சொரசொரக்கும், ஏனென்றால் அதன் முடிகள் நுனியை நோக்கிப் படுத்திருக்கின்றன. தண்டைக் கசக்கி உள்ளங்கையில் தேய்த்தால் சற்று நேரத்தில் சாறு கறுத்துவிடும்.

இந்த இரண்டில் எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் விதைதான். வெட்டுக்காயப் பூண்டின் விதைக்கு இறகு போன்ற குஞ்சம் உண்டு, காற்றில் பறந்துபோகும். அதனால் அது சாலையோரம், மதில் இடுக்கு, காய்ந்த மேடு என்று எங்கும் முளைக்கும், வாய்க்காலின் மேல்விளிம்பிலும் நிற்கும். கரிசலாங்கண்ணி விதைக்குக் குஞ்சம் கிடையாது. தட்டையான பச்சைப் பொத்தானுக்குள் நெருக்கி அடுக்கியது போல இருக்கும், முற்றினால் கறுக்கும், தண்ணீரோடும் சேற்றோடும் போகும். கரையின் மேலிருந்து தண்ணீர் வரை ஒரு கோடு போட்டால், மேலே ஒன்றும் கீழே மற்றொன்றும் நிற்பதை நீங்களே பார்க்கலாம். கலந்து நிற்கும் இடமும் உண்டு, அதனால் இடத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம்.

மஞ்சள் கரிசாலை இன்னொரு சிக்கல். பொற்றலைக் கையாந்தகரை என்பதும் இதுதான். பெயரில் கரிசாலை இருந்தாலும் இது வேறு இனம், ஸ்ஃபாக்னெட்டிகோலா. பூ பளிச்சென்ற மஞ்சள். ஆசியாவின் ஈரநிலங்களுக்குச் சொந்தமான செடி. இதே இனத்தில் நடு அமெரிக்கா, கரீபியன் பக்கத்திலிருந்து வந்த ஒன்றை அழகுக்காகவும் தரைமூடவும் உலகம் முழுக்க நட்டார்கள். அது தோட்டத்தைத் தாண்டி ஓடையோரங்களைப் பிடித்துக்கொண்டது. உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் அதுவும் இருக்கிறது.

இரண்டின் பூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் எளிதில் சொல்ல முடியாது. நானே நெடுநாள் இதில் தவறினேன். அயல் செடியை மஞ்சள் கரிசாலை என்று நம்பி ஒரு தொட்டியில் வைத்து வளர்த்து, பிறகு இலையை உற்றுப் பார்த்துத்தான் திருத்திக்கொண்டேன். இங்கே இலைதான் பேசும். மஞ்சள் கரிசாலையின் இலை ஒடுக்கம், நீளம். ஓரம் வழவழவென்றோ பக்கத்துக்கு ஒன்றிரண்டு சிறு பல்லோடோ இருக்கும். அயல் செடியின் இலை அகலமாக, தடிப்பாக, பளபளப்பாக இருக்கும். நடு மடலுக்கு இருபுறமும் இரண்டு சிறு மடல்கள் தோள்போலப் புடைத்து, மூன்றாகப் பிரிந்தது போலத் தெரியும். ஒரே ஒரு இலையைப் பார்த்துவிட்டு வராதீர்கள். இளம் இலைகளில் அந்தத் தோள் தெளிவாக இருக்காது. ஒரு கொடியில் பத்து இலையாவது பாருங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அயல் செடி என்று தெரிந்தால் பிடுங்கிய துண்டுகளை ஓடையில் போடாதீர்கள். முன்பு சொன்ன கணுக் கதைதான், ஒவ்வொரு துண்டும் கீழ்நோக்கிப் போய் ஒரு புதர் ஆகும்.

அடுத்து வெள்ளைப் பொத்தான்கள். பொன்னாங்கண்ணியைச் சொல்ல ஒரே ஒரு அடையாளம் வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: அதன் பூக்கொத்துக்குக் காம்பு கிடையாது. இரண்டு இலைகளுக்கு நடுவே, தண்டை ஒட்டி, வெள்ளி மணி மாதிரி அப்படியே உட்கார்ந்திருக்கும். அதன் அறிவியல் பெயரின் இரண்டாம் சொல்லான செசிலிஸ் என்பதற்கே ‘காம்பின்றி உட்கார்ந்தது’ என்றுதான் பொருள். பெயர் வைத்தவரும் இதைத்தான் பார்த்திருக்கிறார்.

இதனோடு அதிகம் குழம்புவது தென் அமெரிக்காவிலிருந்து வந்த அதன் நெருங்கிய உறவு. முதலைக்களை என்று சிலர் எழுதுகிறார்கள். இலை அப்படியே பொன்னாங்கண்ணி மாதிரி. ஆனால் பூக்கொத்து இலையிடுக்கிலிருந்து தெளிவான, சில சென்டிமீட்டர் நீளக் காம்பில் எழும்பி நிற்கும்; கொத்தும் பெரிது, ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் அகலம், காகிதப்பூ போலச் சரசரக்கும். தண்டை ஒடித்து உள்ளே குழல்போலக் காலியாக இருந்தால் முதலைக்களை என்று பலரும் சொல்வார்கள். அதை முழுதாக நம்ப வேண்டாம். தண்ணீரில் மிதக்கும் கிளையில் பொன்னாங்கண்ணியின் தண்டும் ஊதி உள்ளே காலியாகிவிடும். தண்ணீர் மாற்றக்கூடியது தண்டு, மாற்றாதது காம்பு. வாய்க்காலின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை தண்ணீரின் மேல் பாய்போல மிதந்து அடைத்துக்கொண்டிருந்தால் முதலைக்களையைச் சந்தேகப்படுங்கள், பிறகு காம்பைத் தேடுங்கள்.

காம்பு நீண்ட வெள்ளைப் பொத்தான் என்றதும் பொடுதலை நினைவுக்கு வர வேண்டும். அதுவும் இலையிடுக்கிலிருந்து காம்பில்தான் வரும், தரையோடு படரும், கணுவில் வேர்விடும். ஆனால் இலையின் ஓரத்தைப் பாருங்கள். அடிப்பக்கம் ஆப்புப்போல ஒடுங்கி, மேல் பாதியில் மட்டும் ரம்பப் பல் இருக்கும். முதலைக்களை, பொன்னாங்கண்ணி இரண்டின் இலையிலும் அப்படிப் பல் எடுப்பாக நிற்காது. பொடுதலையின் பூ விரிவதும் தனி அழகு. கொத்து முழுவதும் ஒரே நேரத்தில் விரியாது. நடுவில் கருஞ்சிவப்புத் திரள், அதைச் சுற்றி வெள்ளையும் வெளிர் ஊதாவுமாகச் சின்னப் பூக்கள் ஒரு வளையமாக. நாள் போகப்போக அந்த வளையம் மேலே ஏறும், கீழே திரள் நீண்டு உருளையாகும். ஒரு கொடியில் உருண்டையான கொத்தும் நீண்ட கொத்தும் சேர்ந்து இருந்தால் ஒரே செடியின் இளமையும் முதுமையும்தான் அது.

கரை மேட்டில் வாடாமல்லியின் காட்டு உறவு ஒன்று வெள்ளைத் தலையோடு நிற்கும். அதன் கொத்து கிளை நுனியில் வரும், கொத்துக்கு நேர் அடியில் இரண்டு இலைகள் தட்டு ஏந்தியது போல இருக்கும். இடம் பார்த்தாலே போதும்.

நீர்ப்பிரமி இந்தக் கூட்டத்தில் சேர்ந்ததே இல்லை, ஆனால் தூரத்தில் பார்த்தால் சேர்த்துவிடுவோம். அதில் கொத்து கிடையாது. ஒரு இலையிடுக்குக்கு ஒரு பூ, மெல்லிய காம்பில், ஏறக்குறைய ஒரே அளவான ஐந்து மடல்கள், வெள்ளையோ வெளிர் ஊதாவோ. இலை சின்னக் கரண்டி மாதிரி, சதைப்பற்றோடு, நடுநரம்பு ஒன்று மட்டும் தெரியும். அதே ஈரத்தில் வளரும் லிண்டர்னியா வகைகளின் பூ மேலுதடு கீழுதடு என்று வாய்போலப் பிளந்திருக்கும், தண்டு பெரும்பாலும் நாலு பட்டையாக இருக்கும். பிரம்மி என்ற பெயர் சில பகுதிகளில் வல்லாரைக்கும் வழங்குவதால் பெயரை வைத்துத் தேடினால் தவறான படம் வரும். வல்லாரையின் பூ மண்ணோரம் இலைகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதைப் பார்க்காமலேயே சிறுநீரக வடிவ இலையை வைத்துச் சொல்லிவிடலாம்.

நீலப் பூக்களுக்குக் காலையில் போங்கள். கானாவாழையும் அதன் உறவுகளும் விடியலில் விரிந்து, நடுப்பகலுக்குள் சுருண்டு கூழாகிவிடும். மதியம் போய்விட்டுப் பூவே இல்லை என்று திரும்புவது பலருக்கும் நடக்கிறது. கானாவாழைக்கு மூன்று இதழ். இரண்டு பெரியவை, கீழே ஒன்று சின்னது. இந்த இனத்தின் பெயர் கொம்மெலினா. தாவரவியலாளர் லின்னேயஸ் அந்தப் பெயரைக் கொம்மெலின் குடும்பத்தின் மூன்று பேரோடு பொருத்திச் சொன்னார்: இரண்டு பெரிய இதழ்கள் பேர்பெற்ற இரு தாவரவியலாளர்கள், மூன்றாவது சின்ன இதழ் சாதிப்பதற்கு முன் இறந்துபோனவர். ஒரு பூவின் அமைப்பை மறக்காமல் இருக்க இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

கானாவாழைக்கும் அதே இனத்தைச் சேர்ந்த கொம்மெலினா டிஃப்யூசாவுக்கும் வித்தியாசம் இதழில் இல்லை, பூ வெளிவரும் மடலில் இருக்கிறது. பச்சை இலை ஒன்றை மடித்துப் படகு செய்தது போன்ற உறை அது. கானாவாழையில் அதன் ஓரங்கள் அடிப்பக்கம் ஒட்டிப் புனல்போல இருக்கும். மெதுவாக விரித்துப் பார்த்தால் பிரியாது. டிஃப்யூசாவில் அடிவரை பிரிந்து, சும்மா மடித்து வைத்தது போல இருக்கும். கானாவாழையின் இலை அகலம், தண்டைச் சுற்றியிருக்கும் இலையுறையின் வாயில் செம்பழுப்பு முடிகள். இன்னும் ஐயம் இருந்தால் ஒரு செடியை வேரோடு எடுத்துப் பாருங்கள். மண்ணுக்கு அடியில் வெளுத்த தண்டுகளில் விரியாத பூக்கள் இருந்தால் கானாவாழையேதான். வெளிச்சமே படாமல், தானே தனக்கு மகரந்தம் சேர்த்து, மண்ணுக்குள்ளேயே விதை வைக்கும். களை எடுப்பவர்கள் இதை ஏன் ஒழிக்க முடியவில்லை என்று அப்போது புரியும்.

படகு உறையே இல்லாமல் மூன்று இதழும் ஒரே அளவாக இருந்தால் அது முர்டானியா. மூன்று இதழும் ஒட்டிக் குழலாகி, மகரந்தத் தாள்களில் ஊதாப் பஞ்சு போல முடி அடர்ந்திருந்தால் சயனோட்டிஸ். பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்று சட்டைப் பையில் இருந்தால் இந்தப் பஞ்சைப் பார்க்கலாம். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இளஞ்சிவப்புப் புனல் பூக்களில் வள்ளையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் குழம்பும். பூ உறவு உண்மை, இரண்டும் ஒரே இனம்தான். ஆனால் வள்ளை தண்ணீரில் மிதந்து படரும், தண்டு காலிக் குழல். மற்றது ஆள் உயரத்துக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் புதர். பேரில் காட்டாமணக்கு இருந்தாலும் ஆமணக்குக் குடும்பத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. ஆடுமாடுகள் தொடர்ந்து தின்றால் நரம்பைத் தாக்கும் நஞ்சு அதில் உண்டு, அதனால் இந்த இரண்டை மட்டும் தவறவே கூடாது.

ஆகாயத்தாமரையையும் அதன் உறவான மொனோகோரியா என்ற நீர்ச்செடியையும் பற்றி ஒரு வரி: ஆகாயத்தாமரையின் மேல் இதழில் மயில்கண் போல மஞ்சள் பொட்டு இருக்கும், மிதக்கும் செடியின் இலைக்காம்பு காற்றடைத்துப் புடைத்திருக்கும், மொனோகோரியா சேற்றில் வேரூன்றி நிற்கும், பொட்டு கிடையாது, பூங்கொத்து இலைக்காம்பின் பக்கத்தைப் பிளந்துகொண்டு வந்தது போலத் தெரியும். நீர்முள்ளிக்குச் சொல்லவே வேண்டாம். கணுவைச் சுற்றி ஊதாப் பூக்களும் நீண்ட முட்களும் சேர்ந்தே வரும், கை வைத்தால் அதுவே சொல்லிவிடும்.

ஒரு எச்சரிக்கை. அடையாளம் காண வாயில் வைத்துச் சுவைக்காதீர்கள். சரியாகவே அடையாளம் கண்டாலும், கழிவு கலக்கும் வாய்க்காலில் பறித்ததை உண்ண வேண்டாம். இந்த ஈரநிலச் செடிகள் பல, தண்ணீரில் கரைந்த ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சித் தண்டிலும் இலையிலும் சேர்த்துக்கொள்ளும், கழுவினால் போகாது.

கடைசியாக, நாலு இதழ் மஞ்சள் பூ ஒன்று, ‘மதியத்துக்குள் இதழ் கொட்டிவிடுகிறது, அடியில் கிராம்பு மாதிரி ஏதோ இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது நீர்க்கிராம்பு இனம், லுட்விஜியா. நீங்கள் கிராம்பு என்று சொன்னது காய். இதழ் போன பிறகும் நாலு புல்லிகள் அதன் தலையில் அப்படியே ஒட்டியிருப்பதால் அந்தத் தோற்றம். அதற்குள் வகை பிரிக்க அடுத்த முறை மகரந்தத் தாளை எண்ணுங்கள். நாலு இருந்து, இதழ் சிறிதாக, காய் குட்டையாக இருந்தால் லுட்விஜியா பெரென்னிஸ். எட்டு இருந்து, இதழ் பெரிதாக, நுனியில் சற்றுப் பிளந்து, காய் நீண்டு வரிகளோடு இருந்தால் ஆக்டோவால்விஸ். எட்டு இருந்தும் பூ மிகச் சிறியதாக, மெலிந்த காயின் மேல்முனை மட்டும் தடித்திருந்தால் ஹிஸ்ஸோபிஃபோலியா. தண்ணீரில் மிதந்துகொண்டு, ஐந்து இதழோடு, வெள்ளைப் பூவின் நடுவில் மட்டும் மஞ்சள் இருந்து, கணுக்களில் பஞ்சுக் குச்சி போல வெள்ளை மூச்சுவேர்கள் நின்றால் அட்செண்டென்ஸ். பூ கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம், முற்றிய காய் ஒன்றையும் அது இருந்த கணுவையும் பக்கவாட்டில் படம் எடுத்து அனுப்புங்கள். அதை வைத்தே சொல்ல முயல்கிறேன்.